இரைச்சல் இல்லாத பாட்டு

"இந்தக் கிறிஸ்மஸுக்காவது என்னைக் கொயர்ல சேருங்க," என்றாள் ரோஸ்லெட்.

"ரப்பர் ஷீட் அடிக்க ரோலர் கிறீச்சிடுது மாதிரி ஒரு குரல். சபையார் எழும்பி ஓடணுமா? போய்க் காப்பி போடுட்டீ," என்றார் ஞானதாஸ். சபையின் பாடகர் குழுவான கொயருக்கு அவர்தான் தலைவர். மனைவி ஒரு வரி எடுத்தாலே வாயை அடைத்துவிடுவார்.

அவர் கேசட் கேட்கும் பழைய ப்ரீஆம்ப்ளிஃபயர் கொஞ்ச நாளாக இரைந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு ஷாஜன் அதன் பழைய கண்ணாடி வால்வுகளைக் கழற்றிவிட்டு, வேறு வால்வுகளைச் சொருகினான்.

"சூடாகி வெளிச்சம் வர அரை நிமிஷம் ஆவும், அண்ணாச்சி."

வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் பாடும் கீர்த்தனை கேசட் ஒன்று உண்டு. ஞானதாஸ் தினமும் கேட்பது. அதைப் போட்டுவிட்டு, ஜெபத்துக்கு மூடுவதுபோல் கண்களை மூடினார். ஷாஜனும் மூடிக்கொண்டான்.

பாட்டு எழும்பியது.

"கேட்டியா மக்கா! இரைச்சல் ஒரு பொட்டு இல்ல. மூச்சு இழுக்கதுகூடக் கேக்குது. பக்கத்துல நின்னு பாடுன மாதிரில்லா இருக்கு!"

"வால்வு அப்பிடி, அண்ணாச்சி!"

"இப்பிடி ஒருத்தி கிடைச்சா கொயர்ல முதல் வரிசையில நிறுத்துவேன். கர்த்தர் சாட்சி!"

பாட்டு நின்றது. மேசையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தார். வால்வு ஒன்றிலும் வெளிச்சம் இல்லை.

"ஏட்டி, கரண்டு எப்பம் போச்சு?"

"கரண்டு எங்க போச்சு? வால்வு சூடாவதுக்கு முந்தியே மெயினை அணைச்சது நான்தான்."

ரோஸ்லெட் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முதல் வரிசைக்கு என்ன கலர் சேலை உடுக்கணும்?"