இறங்கிப் பார்த்தவள்

கனரக வண்டி லைசென்சு இப்போதெல்லாம் ஊரார் கையில்தான். சோதனை நடக்கும் தெருவில் குடியிருப்பவர்கள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, கைப்பேசியில் பச்சையோ சிவப்போ அமுக்கினால் போதும்.

சங்ககிரியில் அன்று கவின்மலரின் முறை. டிரெய்லரைப் பின்னால் எடுத்து, வளைவில் திருப்பிக் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். அவளுக்கு முன்னால் வந்தவன் ஒரே வீச்சில் நிறுத்தினான், தெருவே கைதட்டியது. கவின்மலரோ பாதியில் நிறுத்தி, இறங்கி, பின்சக்கரம் வரை நடந்து பார்த்துவிட்டு ஏறினாள். சற்றுத் தள்ளி மறுபடியும் இறங்கினாள்.

"வண்டி எடுக்கறீங்களா, தேர் இழுக்கறீங்களா?" என்று மாடியிலிருந்து ஒரு பெண் கத்தினாள். தெரு சிரித்தது. தெருமுனையில் வாக்குகளைக் காட்டும் பலகையில் சிவப்பு மளமளவென்று ஏறியது. கவின்மலர் அசரவில்லை, இன்னொரு முறையும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தினாள்.

தோல்வி.

சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தவளை அந்த மாடிப் பெண்ணே ஓடிவந்து மறித்தாள். கையில் பள்ளிச் சீருடை போட்ட பிள்ளை.

"ஏனுங்க, ஸ்கூல் பஸ் லைசென்சுக்கு எப்ப வருவீங்க? எங்க வீட்டுல எல்லாரும் பச்சை போடறோம்."

"அதுக்கும் இப்படி எறங்கி எறங்கித்தானுங்க பாப்பேன்."

"அதுக்குத்தானுங்க கேக்கறேன்!"