ஆட்டு நெஞ்சு

அம்மிக் குழவியில் ஒட்டியிருந்த ரத்தம் இரண்டு வாளித் தண்ணீருக்கும் போகவில்லை. மஹாதேவன் சாம்பலைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தான். மூன்றாவது வாளியில் கல் வெறும் கல்லாயிற்று. அதை அம்மிமேல் வைத்துவிட்டு நிமிரும்போது வாசல் கதவை யாரோ உதைத்துத் திறந்தார்கள்.

வெள்ளைக்கார சார்ஜெண்ட், கையில் பிரம்பு. கூடவே, சந்துக்காரர்களை விசாரித்து மொழிபெயர்ப்பதற்கு ஓர் உருது முன்ஷி.

"டாப்ஸன் துரை பின்சந்துச் சாக்கடையில மண்டை பொளந்து கெடக்கார். யார் அடிச்சது?" என்று சார்ஜெண்ட் அதட்டினார்.

கார்டன் ரீச் சணல் கிடங்கில் மஹாதேவன் குமாஸ்தா, டாப்ஸன் மேனேஜர். திங்கட்கிழமை டாப்ஸன் உதைத்ததில் ஒரு கூலி செத்துப்போனான். பார்த்த ஒரே சாட்சி மஹாதேவன். அந்த வாயை அடைக்கத்தான் துரை இன்று மத்தியானம் சவுக்கோடு வீடு தேடி வந்தார்.

"தெரியாது ஸார்."

பிரம்பு தோளில் விழுந்தது, பிறகு முதுகில். மூன்றாவது அடி உதட்டைக் கிழித்தது. பாவம், மனுஷன் சார்ஜெண்டின் பூட்ஸைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். சுதேசிக் கலகம் நடக்கிற காலம்; வெள்ளைக்காரனைக் கொன்றவனுக்குத் தூக்குதான்.

"உள்ளே யாரு?"

"என் சம்சாரம் ஸார்."

"வெளியே வரச்சொல்லு."

முன்ஷி குறுக்கிட்டார். "வேணாம் ஹுஜூர். இந்த வீட்டுப் பொம்பளைங்க அன்னியர் முன்னால வரமாட்டாங்க."

"சரி, டாப்ஸன் இங்கே வந்தாரான்னு கேளு."

அவன் சம்சாரம் காமு பால்காரனுக்கும் தபால்காரனுக்கும்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று வளையலைக் குலுக்கித்தான் பதில் சொல்வாள். ஆமாம் என்றால் ஒரு தரம், இல்லை என்றால் இரண்டு தரம். மஹாதேவன் கேட்டான். உள்ளேயிருந்து கதவை இரண்டு தரம் தட்டுகிற சத்தம் வந்தது.

சார்ஜெண்ட் காலடியில் கிடந்தவனைப் பார்த்தார். அவர் உருதுப் பரீட்சைக்குப் படிக்கிறவர். "இவனை மாதிரி ஆளுக்கு உருதுல என்ன பேரு?"

"புஸ்தில், ஹுஜூர். ஆட்டு நெஞ்சுக்காரன்."

"உள்ளே இருக்கறவளும் புஸ்தில்தானே?"

"இல்லை ஹுஜூர், அவங்க ஷர்மீலி. வெட்கப்படறவங்க. புஸ்தில் அடிக்குப் பயப்படுவான். ஷர்மீலி மொகத்தைக் காட்டத்தான் பயப்படுவா."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி, சார்ஜெண்ட் நோட்டுப் புத்தகத்தில் இரண்டையும் ஒரே வரியில் எழுதிக்கொண்டார். "இந்த ஆட்டு நெஞ்சு ஒரு கொசுவைக்கூட அடிக்காது. அடுத்த வீட்டுக்குப் போகலாம், வா."

பூட்ஸ் சத்தம் சந்துமுனை தாண்டும்வரை மஹாதேவன் எழுந்திருக்கவில்லை. பிறகு கதவைத் தாளிட்டு உள்ளே போனான்.

"போயிட்டாடீ" என்றான்.

காமு மூலையில் தலை குனிந்து நின்றாள். கல்யாணமான இந்த நான்கு வருஷத்தில் அவனிடம் வாய்விட்டு எதுவும் கேட்டதில்லை. இப்போதும் நிமிர்ந்து பார்க்காமல், புடவைத் தலைப்பைக் கைகளில் சுற்றிக்கொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் சொன்னாள்:

"ஓங்கி அடிச்சதுல வளையல் அத்தனையும் ஒடைஞ்சுடுத்து. நாளைக்குப் புதுசு வாங்கிண்டு வரேளா?"