பொய்க் காய்ச்சல்

"காய்ச்சல் விட்டுடுச்சுங்களா அவனுக்கு?"

டாக்டர் அரங்கநாதன் ஜட்கா வண்டியை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக அந்த அம்மாள் எதிரே வந்து கேட்டாள். நாலு நாளாக சப்-ஜெயில் வாசலில் இதே கேள்விதான். கையில் அதே பித்தளைத் தூக்கு. மயிலத்திலிருந்து முதல் பஸ்ஸில் திண்டிவனம் வந்தால் கடைசி பஸ்ஸுக்குத்தான் திரும்புகிறாளாம்.

டாக்டருக்கு மனசு இளகிவிட்டது. "இன்னிக்குப் பாத்து முடிவா சொல்லிடறேம்மா. வெயில்ல ஏன் சாப்பாட்டத் தூக்கிட்டு நிக்கறீங்க? வார்டர்கிட்ட குடுத்தா உள்ள குடுத்துடுவாரே."

"வேணாங்க. வெளிய வரட்டும். என் கையால குடுத்துக்கறேன்."

ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அரங்கநாதன்தான் டாக்டர். சப்-ஜெயிலையும் அவரே பார்த்துக்கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பையன்கள் முதல், மாமியாரோடு சண்டை வந்தால் மயங்கி விழும் மருமகள்கள் வரை எல்லாரையும் பார்த்தவர். தன்னை ஏமாற்ற ஒருத்தன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்பது அவர் எண்ணம். அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் அவர் கூச்சப்பட்டதில்லை.

உள்ளே வார்டர் இருதயராஜ் புலம்பிக்கொண்டே கூட வந்தார். "இந்தக் கண்ணையனால பெரிய பேஜாருங்க. ஜாமீன் ஆர்டர் வந்து நாலு நாளாவுது. வாசல்ல நிக்குதே அந்த அம்மா, அதுதான் சொந்த நெலத்தக் காட்டி ஜாமீன் எடுத்துக்கீது. யாரு எடுத்ததுன்னு அவங்கிட்ட சொல்லாதீங்க, திடீர்னு பாத்து சந்தோஷப்படட்டும்னு வேற கேட்டுக்கிச்சு. இவன் என்னடான்னா, ஆர்டர் வந்த அன்னிலேருந்து காய்ச்சல்னு படுத்துக்கினு கெடக்கறான்."

நோயாளி போகமாட்டேன் என்றால் வெளியே அனுப்பக்கூடாது. ஜெயில் சட்டம் அப்படி. எந்தப் பயலோ அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தான்.

கண்ணையன் பாயில் சுருண்டு கிடந்தான். கூலிக்காரன், இருபத்தைந்து வயதிருக்கும். வேர்க்கடலைக் கொல்லையில் நடந்த கைகலப்பில் ஓர் உயிர் போன வழக்கு. கும்பலில் வெட்டியது யார் என்பதே இன்னும் முடிவாகவில்லை.

வலது அக்குளில் தெர்மாமீட்டர் நூற்றுமூன்று காட்டியது. டாக்டர் நெற்றியைத் தொட்டார். பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. நாடி மட்டும் தறிகெட்டு ஓடியது. மாட்டிக்கொள்ளப் போகிற பயம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தெர்மாமீட்டரை உதறி இடது அக்குளில் வைத்தார். காய்ச்சலே இல்லை!

"பாயைத் தூக்குங்க வார்டர்!"

பாய்க்கு அடியில் ஒரு துணி முடிச்சு. பிரித்தால் கேப்பைக் களி உருண்டை; ஆவி இன்னும் அடங்கவில்லை.

"கையைத் தூக்குடா."

தூக்கினான். அக்குளில் தோல் உரிந்து, கொப்புளம் கொப்புளமாக வெந்திருந்தது. நாலு நாளாகச் சுட்ட இடத்திலேயே சுட்டுக்கொண்டிருக்கிறான். ஜெயிலில் கிடப்பதற்காக ஒருத்தன் இவ்வளவு வேதனையைப் பொறுப்பானா என்று டாக்டருக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் மூன்று நாள் ஏமாந்த கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கண்ணையன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். "வெளிய அனுப்பாதீங்க டாக்டரய்யா! எனக்குன்னு யாருமே கெடையாதுங்க. யாரு ஜாமீன் எடுத்தாங்கன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்க. பயமா இருக்குதுங்க!"

யாருமே கிடையாதாம்! வாசல் வெயிலில் வாடி நின்ற அந்த முகத்தை நினைத்ததும் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயத் திறந்தா பொய். உனக்குப் போய் ஜாமீன் எடுத்தாங்க பாரு, அவங்களச் சொல்லணும்!"

புண்ணுக்கு மருந்து போடச் சொன்னார். 'நோய் எதுவும் இல்லை, அனுப்பலாம்' என்று எழுதி, அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டார். பின்னால் கண்ணையன் அழுவது நடை முழுக்கக் கேட்டது.

வாசலுக்கு வந்தபோது ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி அவருக்கு. "அம்மா, இனிமே நீங்க அலைய வேண்டாம். ஒரு காய்ச்சலும் இல்ல, எல்லாம் வேஷம். இதோ வர்றான்."

அந்த அம்மாள் தூக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் அவரைக் கும்பிட்டாள். தூக்கு உருண்டு மூடி கழன்றது. உள்ளே ஒரு பருக்கை கூட இல்லை.

டாக்டர் அதைப் பார்த்தார். எதிரே புளியமரத்தடியில் நின்ற கூண்டு வண்டிக்குள்ளிருந்து மூன்று பேர் இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டுவதையும் பார்த்தார்.

அதற்குள் ஜெயில் கதவில் இருந்த திட்டிவாசல் திறந்தது. கண்ணையனை வெளியே விட்டு, உள்ளிருந்து தாழ் போட்டார்கள். நிமிர்ந்தவன் அந்த அம்மாளைப் பார்த்தான். உடனே திரும்பி, மூடிய கதவை இரண்டு கையாலும் படபடவென்று அடித்தான்.

"தொறங்க! வார்டரய்யா, தொறங்க!"

"டேய், பெத்தவளப் பாத்து ஏண்டா இப்படிப் பயப்படறே?" என்றார் டாக்டர். அவர் குரல் அவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

அந்த அம்மாள் அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"இவன் வெட்டிப் போட்டானே, அவனப் பெத்தவ நானு."