துப்பாக்கிக் கட்டையில ஒரு விரிசல்

"இந்த விரிசலுக்கு எட்டாயிரமா? அடுப்புக்கு வெறகுன்னாக்கூட யோசிப்பாக, பாய்."

ஜெகதீஷ் அந்தப் பழைய துப்பாக்கிக் கட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தான். அவன் வீட்டுத் துப்பாக்கிக்கும் இதே மாதிரி கட்டைதேன். ஏலக்கா மூட்டைக்குப் பின்னாடி சாத்தி வச்சு மறந்து, கரையான் தின்னுருச்சு. காட்டுப்பன்னியச் சுட வாங்குன துப்பாக்கியக் கரையான் தின்னுபுருச்சேன்னு அவன் பொண்டாட்டி ரேணுகா சிரிச்ச சிரிப்பு இருக்கே, ரெண்டு நாள் சோறு பொங்கல. அது கெடக்கட்டும்.

எதிர பெஞ்சுல சந்திரவல்லி உக்காந்திருந்தா. தேவாரம் ஊர்ல இவுக மக்காச்சோளத்துக்கு அடுத்த காடு அவளுது. புருசன் மலைச்சாமி செத்து நாலு மாசம். ஆளோட லைசென்சும் போச்சு. துப்பாக்கியப் போடியில இந்த ஹபீப் ரஹ்மான் பாயோட துப்பாக்கிக் கடையில ஒப்படைச்சாச்சு. குழல், விசை, கட்டைன்னு உதிரியா வித்து, வர்ற காசுல காட்டச் சுத்தி சோலார் வேலி போடணும். இல்லாட்டி இந்த வெள்ளாமையும் பன்னிக்குத்தேன்.

ஹபீப் ரஹ்மான் குழலத் தொங்கவிட்டு ஒரு தட்டு தட்டுனாரு. வெங்கலம் கணக்கா கணீர்னுச்சு. குழல்ல ஒரு கொறையும் இல்லைன்டாரு. வம்பெல்லாம் கட்டையிலதேன்.

"எப்பிடி அத்தே விரிசல் விட்டுச்சு?"ன்னு ஜெகதீஷ் கேட்டான்.

"கீழ விழுந்துருச்சு தம்பி."

சொன்னவ, ஓரமா உக்காந்திருந்த ஜெகதீஷோட அப்பா உக்கிரபாண்டிய ஒருக்கா பாத்துட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டா.

உக்கிரபாண்டியத் தெரியாதவுக போடிப்பக்கம் உண்டா? பன்னிய ஒத்தை அருவாளோட வெரட்டுன மனுசன்ல. பதினஞ்சு வருசமா டீக்கடை, கல்யாண வீடு, போடிமெட்டு ஜீப்பு, எங்க உக்காந்தாலும் வேட்டியத் தொடை வரைக்கும் தூக்கி, பன்னி முட்டுன தழும்பக் காட்டிட்டுத்தேன் மறுசோலி. ஒருக்கா எழவு வீட்டுலயே காட்டிப்புட்டாரு. இன்னைக்கு என்னமோ, கடைக்கு வந்ததுலருந்து வாயே தொறக்கல.

ஹபீப் ரஹ்மான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு விரிசல் மேல வெரல ஓட்டுனாரு.

"கீழ விழுந்தா அடிமுனை நொறுங்கும். இது கழுத்துல விண்டிருக்கு. குழலப் பிடிச்சுக்கிட்டு எதையோ ஓங்கி அடிச்சிருக்காரும்மா உங்க வீட்டுக்காரரு."

வெலையக் கொறைக்க ஜெகதீசுக்கு வழி கெடச்சுருச்சு.

"அப்பிடிச் சொல்லுங்க பாய். தண்ணியப் போட்டுட்டு எவன் மண்டையில போட்டாரோ. நாளைக்குப் போலீசு வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? மூவாயிரம். அதுக்கு மேல ஒத்தப் பைசா இல்ல."

மலைச்சாமி கள்ளு வாடையே ஆகாத மனுசன். அது அந்தக் காடுகரை பூராவுக்கும் தெரியும், ஜெகதீசுக்கும் தெரியும். சந்திரவல்லிக்குக் கண்ணு ரெண்டும் நெறஞ்சு போச்சு. ஆனா எதையும் அடிச்சாருன்னோ அடிக்கலைன்னோ சொல்லல. சேலைத் தலைப்பால மூக்கத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"பஸ்சுக்கு நேரமாச்சு பாய். மூவாயிரமே போட்டுக்கங்க."

"நில்லு தங்கச்சி."

உக்கிரபாண்டி எந்திரிச்சாரு. பழக்க தோசம், கை வேட்டியத் தூக்கப் போச்சு. தழும்பு தெரியுறதுக்குள்ள வெடுக்குனு எறக்கி விட்டுக்கிட்டாரு.

"கட்டையக் கீழ வைடா. அன்னைக்கு என் கையில அருவாளும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பன்னி என்னையக் கீழ போட்டு முட்டிக்கிட்டிருந்துச்சு. சுட்டா என் மேல பட்டுருமேன்னு மலைச்சாமிதேன் இந்தக் கட்டையால அடிச்சு வெரட்டுனாரு."

ஜெகதீஷ் கட்டையக் கீழ வச்சான். உக்கிரபாண்டி மகன் மூஞ்சியப் பாக்காம, தரையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"நான் அருவாக் கதைய அளந்து விடுறப்பெல்லாம், பக்கத்துல நின்டு, ஆமா, நான் கண்ணால பாத்தேன்னு சொன்னதும் அவருதேன்."