எங்கே வலிக்கிறது?

ஏழு வயது ஜெனிட்டாவின் பள்ளியில் பரீட்சை ஒழிந்து மூன்று வருடமாயிற்று. பிள்ளை எங்கே, யாருக்குப் பதில் சொன்னாலும் மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டை மார்க் போட்டுவிடும், தப்பென்றால் சிவக்கும்.

அன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்ட மகளைப் பியூலா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் வலப்பக்கம் அழுத்தி, “இங்கன வலிக்காம்மா?” என்றார். பிள்ளை அவர் முகத்தையே பார்த்தது. இடப்பக்கம் அழுத்தினார், அதே பார்வை.

“நேரமில்லம்மா, பிள்ளையச் சொல்லச் சொல்லுங்க.”

பியூலாவின் கண் மகளின் பட்டையில் விழுந்தது. நர்ஸிடம் கத்தரியை வாங்கிப் பட்டையை அறுத்தெறிந்தாள். “இனி அது மார்க் போடாது. எங்க வலிக்கு, சொல்லுட்டி.”

ஜெனிட்டா வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது.

“எது சரியான விடைன்னு நீயே சொல்லிரும்மா,” என்று முனகினாள். “அதையே சொல்லுதேன்.”