மன்னரின் கிண்ணம்

"மன்னா, வாத்துக்கறி ஆறுது. ஒரு வாய் சாப்பிடுங்க," என்று மண்டியிட்டபடி கிண்ணம் நிறைய மது ஊற்றினார் தியெரி. மன்னர் அதைத் தொடவில்லை.

தட்டை எடுக்க வந்த கஸ்பார் சிரித்தார். "தனியா இருக்கறப்பவாவது பேரைச் சொல்லிக் கூப்பிடுடான்னு மன்னர் எத்தனை தடவை கெஞ்சினாரு! கேட்டீரா?"

"அரண்மனை முறைன்னு ஒண்ணு இருக்கேய்யா."

"அதையே கட்டிக்கிட்டு அழும்!" என்று கஸ்பார் வெளியேறினார்.

தியெரி எழுந்து மன்னரின் மெழுகுக் கன்னத்தைத் தொட்டார். மன்னரின் உடல் அடுத்த அறையில் கிடந்தது. அடக்கம் முடியும்வரை அவரைப் போலவே செய்த பொம்மைக்கு வேளை தவறாமல் பரிமாற வேண்டும்.

"லூசியன்... குடிடா," என்றார் முதல்முறையாக.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிண்ணத்தை எடுத்தார். அது காலியாக இருந்தது.