கடைசிப் பதினாறு பக்கம்

“எழுத்தாளர் வந்ததும் நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதுக்கா. தும்மல் வந்தாக்கூட உள்ளே போய்த் தும்மிட்டு வாங்க.”

பதிப்பாளர் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னார். பைண்டிங் அக்கா காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அச்சான தாள்களை மடித்து ஸ்கேலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, பக்கத்துக் கடைக்காரரின் மருமகள் வாங்கிய சலவை இயந்திரம் எத்தனை வாளி தண்ணீர் குடிக்கிறது என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நான் பேசலைன்னா இந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும் சார்.”

“நீங்க பண்ணின காரியத்துக்கு நானே இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகப்போறேன்.”

காரியம் இதுதான். கூச்சமே உருவான ஒரு பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றிய நாவல். இறங்க வேண்டிய இடம் வந்தாலும் பேருந்தை நிறுத்தச் சொல்ல வாய் வராமல், கடைசி நிறுத்தம் வரை போய், வீட்டுக்குத் திரும்பி நடந்து வருகிறவள். தினமும் இதே கூத்துதான். எழுதியவர் தபாலில் அனுப்பியிருந்தார். புனைபெயரைத் தவிர அவரைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

நாவல் மொத்தம் இருநூற்று இருபத்து நான்கு பக்கம். கடைக்குப் போன ஆயிரம் பிரதிகளிலும் இருந்ததோ இருநூற்று எட்டு. கடைசிப் பதினாறு பக்கத்துக்கான தாள்கள், வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் கட்டுக்கட்டாகக் கிடந்ததை நேற்றுதான் பதிப்பாளர் கண்டுபிடித்தார். அந்தப் பெண் ஓடும் பேருந்தில் எழுந்து நிற்கிறாள், வாயைத் திறக்கிறாள், உடனே பின்னட்டை வந்துவிடுகிறது.

“மடிச்சு, அடுக்கி, தைக்கிறவங்க நீங்க. ஒரு பிரதியில விட்டுப்போனா சரி. ஆயிரத்துலயுமா?”

“விட்டுப்போனதுதான் நல்லாயிருக்குன்னு சனங்க சொல்லுதே சார்.”

அது என்னவோ உண்மை. வாசகர்கள் அந்த முடிவில் சொக்கிப்போயிருந்தார்கள். மேசை நிறையக் கடிதங்கள். ‘வாயைத் திறந்து சொல்லுடீ என்று நான் போட்ட சத்தத்தில் தூங்கிய நோயாளிகள் எழுந்துவிட்டார்கள்’ என்று ஒரு நர்ஸ் எழுதியிருந்தார். அவள் பேசினாளா இல்லையா என்று கணவரோடு இரண்டு நாளாகச் சண்டை, வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஒரு பெண்மணி. முதல் ஐம்பது பக்கம் ஒரே இழுவை, முடிவுக்காக மன்னித்தேன் என்று ஒரு கணக்கு வாத்தியார்.

எழுத்தாளரிடமிருந்தும் ஓர் அட்டை வந்திருந்தது. ‘வியாழக்கிழமை பதினோரு மணிக்கு உங்கள் அலுவலகத்தில் இருப்பேன். அடுத்த நாவலும் தயார்.’ விட்டுப்போன பக்கங்களைப் பற்றி மூச்சே இல்லை. நேரில் வந்து நாலு கேள்வி கேட்டுவிட்டு, அடுத்த நாவலை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று பதிப்பாளர் பயந்தார். இத்தனை வருஷத்தில் அவர் போட்டதிலேயே வாசகர்கள் தேடி வந்து கேட்ட புத்தகம் இது ஒன்றுதான்.

சரியாகப் பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர், கையில் அந்த நாவல்.

பதிப்பாளர் துள்ளி எழுந்தார். பேருந்தைப் பற்றி அப்படி எழுத வேறு யாரால் முடியும் என்று தோன்றியது.

“வாங்க ஐயா, உட்காருங்க. முதல்ல நீங்க என்னை மன்னிக்கணும். கடைசிப் பதினாறு பக்கம் விட்டுப்போச்சு. தப்பு எங்க மேலதான்.”

“எங்கே விட்டுப்போச்சு? எல்லாம் சரியாத்தானே இருக்கு?” ஓட்டுநர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். “சார், நான் எழுதுறவன் இல்லை. வெறும் டிரைவர். எழுதினவரைப் பார்க்கலாம்னு வந்தேன்.”

பதிப்பாளருக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

“இதைப் படிச்சதிலேர்ந்து என் பழக்கமே மாறிப்போச்சு சார். ஒவ்வொரு ஸ்டாப் வரும்போதும் கண்ணாடியில பின்னாடி பார்க்கிறேன். யாராவது எழுந்து நின்னு, கேட்கக் கூச்சப்பட்டு முழிச்சா, நானே நிறுத்திடறேன். நேத்து ஒரு பொண்ணு இறங்கிப் போகும்போது சிரிச்சுது பாருங்க, மனசு நிறைஞ்சு போச்சு.”

பைண்டிங் அக்காவின் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரமாக அவரிடமிருந்து சத்தமே வரவில்லை என்பதைப் பதிப்பாளர் அப்போதுதான் கவனித்தார். சொன்ன பேச்சைக் கேட்கிறாரே என்று ஆச்சரியமாகக்கூட இருந்தது.

“அந்தப் பதினாறு பக்கத்தைத் தயவுசெஞ்சு சேர்த்துடாதீங்க,” என்றார் ஓட்டுநர். “ஆனாலும் மனசு கேட்க மாட்டேங்குது. எழுத்தாளர் வந்தா ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அந்தப் பொண்ணு அன்னிக்குப் பேசினாளா?”

பதிப்பாளர் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

“பேசினேன் அண்ணே. அன்னிக்குத் திறந்த வாயை இன்னும் மூடலை.”

பிறகு பதிப்பாளர் பக்கம் திரும்பி, “அந்தத் தாளை நான்தான் சார் எடுத்து ஓரமா வெச்சேன். மடிக்கும்போது படிச்சா எனக்கே வளவளன்னு இருந்துச்சு. ஊர்க் கதையெல்லாம் பேசுறேன், எழுதினது நான்தான்னு உங்ககிட்டச் சொல்லத்தான் ஒரு வருஷமா வாய் வரலை,” என்றார்.